அந்த ஒற்றை 'ம்'



உறவுநிலை உளச்சிகிச்சை என்பது அறிவுரை அல்ல. எதிரில் உட்கார வைத்து நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவதற்குக் 'கவுன்சலிங்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மனம் சோர்ந்தவருக்கு நல்ல வார்த்தையா பஞ்சம்? வீட்டில் நாற்பது பேர் சொல்லி முடித்திருப்பார்கள்.

அமெரிக்காவில் ஜெரால்ட் க்ளெர்மனும் மிர்னா வைஸ்மனும் 1970-களில் உறவுநிலை உளச்சிகிச்சையை வகுத்தார்கள். கையேடு 1984-இல் நூலானது. வாரம் ஒருமுறை, 12 முதல் 16 அமர்வுகள். மனச்சோர்வின் வேர் எதுவாகவும் இருக்கட்டும். அது தலைதூக்கிய நாட்களில் சுற்றியுள்ள உறவுகளில் என்ன நடந்தது என்பதே கேள்வி. நெருங்கியவரின் சாவு, பிணக்கு, வாழ்க்கை நிலை மாற்றம், உறவே அமையாத தனிமை ஆகிய நான்கில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் எடுத்துக்கொள்வார்கள். சோர்வு ஒரு நோய், குணக்கேடு அல்ல என்பதை முதல் அமர்வுகளிலேயே சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவதான வாழ்க்கை நிலை மாற்றத்துக்கு, கர்நாடக எல்லையில் உள்ள ஓசூரைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து ஊரே புதிதாக வந்தவர்களால் ஆனது. தென்மாவட்டத்திலிருந்து வந்து விடுதியில் தங்கி, நைட் ஷிப்ட் பார்க்கும் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்ளலாம். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவுடன் கடைசியாக என்ன பேசினாள் என்று சிகிச்சையாளர் வார்த்தை வார்த்தையாகக் கேட்பார். "சம்பளம் போட்டாச்சா?" என்றாள் அம்மா. "ம்" என்றாள் மகள். அவ்வளவுதான் பேச்சு. அந்த 'ம்'முக்குள் என்ன இருந்தது? 'என்னைப் பற்றி முதலில் கேளேன்' என்பது இருந்தது. அம்மா காதில் விழுந்ததோ 'பணம் தர மனசில்லை'. நேற்றுவரை மகள், இன்று குடும்பத்தைத் தாங்குபவள். இந்த மாற்றத்தை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுத்த அழைப்பில் எதை, எந்தச் சொல்லில் சொல்வது என்பதை அமர்விலேயே நடித்துப் பார்ப்பார்கள். வாரம் முழுக்க நூறு ஆறுதல் சொல்வதைவிட இந்த ஒரு ஒத்திகை மேல்.

சொல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு உகாண்டா ஆய்வை வாசிக்க வேண்டும். போல்டனும் வைஸ்மன் உள்ளிட்ட குழுவினரும் 2003-இல் வெளியிட்டது. 30 கிராமங்கள், இரண்டு வாரப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் இந்தச் சிகிச்சையை 16 வாரம் குழுவாக நடத்தினார்கள். முடிவில் சிகிச்சை பெற்றவர்களில் 6.5 சதவீதத்தினருக்கே பெருஞ்சோர்வு மிஞ்சியது, பெறாதவர்களில் 54.7 சதவீதம். ஆனால் ஆய்வாளர்கள் முதலில் செய்தது, அந்த மக்கள் துயரத்தைச் சுட்டும் லுகாண்டாச் சொற்களைத் தேடியதுதான். ஓசூரில் இந்த வேலை இன்னும் சிக்கல். தமிழில் 'பேஜார்' என்றால் தொல்லை. கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடத்தில் 'பேஜாரு' சலிப்பையும் வருத்தத்தையும் சேர்த்தே சுமக்கும். தெலுங்கு வீடுகளின் சொற்கள் தனி. அச்சடித்த படிவத்தை மொழிபெயர்த்து நீட்டுகிறவர்களுக்கு இது புரிவதே இல்லை.

கோவாவின் மானஸ் ஆய்விலும் (2010) பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்களே இந்தச் சிகிச்சையை வழங்கினார்கள். ஆனால் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ பித்துநிலை அறிகுறியோ தெரிந்தால், உடனே மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஓசூரிலிருந்து பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை சுமார் 40 கிலோமீட்டர். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416, இரவு ஷிப்ட் நேரத்திலும் எடுப்பார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பேசலாம்.