பேஸ்டை நம்பி ஹெட்டைக் கழற்றாதீர்கள்

கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் கால் மளமளவென்று இறங்குகிறது. ஸ்டார்ட் ஆனாலும் ஐடிலிங் நிற்பதில்லை. மேம்பாலம் ஏற மூன்றாம் கியருக்கு வர வேண்டியிருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் ஒர்க்‌ஷாப்பில் “வால்வு போச்சு, ஹெட்டை இறக்கிடலாம்” என்பார்கள். பல நேரம் அது சரிதான். ஆனால் பிஸ்டன் ரிங் தேய்ந்தாலும் இதே அறிகுறிகள் வரும். டேப்பெட் இறுகியிருந்தாலும் வரும்.

எனவே முதல் வேலை டேப்பெட். ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினில், டேப்பெட்டுக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். ஸ்ப்ளெண்டர் வகை 100 சிசி எஞ்சின்களில் அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. உங்கள் மாடலுக்கான சரியான அளவு மேனுவலில் இருக்கும். வால்வு தான் உட்காரும் சீட்டுக்குள் இறங்க இறங்க இந்த இடைவெளி குறையும், சத்தமும் குறையும். “டேப்பெட் சத்தமே இல்ல, வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுது” என்று யாராவது பெருமைப்பட்டால் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் இறக்கி வைக்கிறது. இடைவெளி இல்லாமல் போனால் சூடேறியதும் வால்வு முழுதாக மூடாது. அந்தச் சந்து வழியே தீ பாய்ந்து விளிம்பை அரித்துவிடும். டேப்பெட்டைச் சரி செய்த பின் கம்ப்ரஷன் திரும்பிவிட்டால் ஹெட்டைத் தொட வேண்டாம்.

திரும்பவில்லை என்றால் கம்ப்ரஷன் கேஜைப் பிளக் ஓட்டையில் மாட்டி, ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்துக்கொண்டு கிக்கரை மிதியுங்கள். அளவைக் குறித்துக்கொண்டு, ஒரு சின்ன ஸ்பூன் எஞ்சின் ஆயிலைப் பிளக் ஓட்டையில் விட்டு மறுபடி மிதியுங்கள். முள் நன்றாக ஏறினால் கோளாறு ரிங்கில். ஏறாமல் அங்கேயே நின்றால் வால்வு. பஞ்சர் கடைக் காற்று கிடைத்தால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, டாப் கியர் போட்டு, பின் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பிளக் ஓட்டை வழியே காற்று விடுங்கள். சைலன்சரில் ‘உஸ்’ என்றால் எக்ஸாஸ்ட், கார்புரேட்டர் பக்கம் என்றால் இன்லெட், ஆயில் ஊற்றும் வாயில் என்றால் ரிங்.

வால்வுதான் என்று உறுதியான பிறகு ஸ்பேனரை எடுங்கள். ஃப்ளைவீலில் ‘டி’ குறியும் கேம் ஸ்ப்ராக்கெட்டில் வட்டக் குறியும் அவற்றுக்கான வெட்டுகளுக்கு நேராக நிற்கும்படி வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றும்போது டைமிங் செயின் உள்ளே விழாமல் கம்பியில் கட்டிவிடுங்கள். ஹெட் நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். எந்த நட்டுக்கு எந்த வாஷர் என்பதும் முக்கியம், எல்லாம் ஒன்றுபோல இருக்காது. ஹெட் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். இடுக்கில் ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பினால் அலுமினியத்தில் விழும் கீறலே நாளைக்குக் கேஸ்கட் லீக்.

வால்வுகளைக் கழற்றும் முன் ஹெட்டைச் சாய்த்து, ஒவ்வொரு போர்ட்டிலும் மண்ணெண்ணெய் ஊற்றி எது கசிகிறது என்று பாருங்கள். பெட்ரோல் வேண்டாம், வீட்டுக்குள் வேலை செய்கிறீர்கள். பிறகு ஸ்பிரிங் கம்ப்ரஸரால் அழுத்தி, லாக்குகளை எடுத்து வால்வை உருவுங்கள். விளிம்பில் வெட்டு, முகத்தில் குழி, தண்டில் நகம் தட்டும் தேய்மானம் இவற்றில் ஒன்று இருந்தாலும் வால்வு புதிதுதான் வேண்டும்.

வால்வை விட முக்கியம், அதன் தண்டு ஏறி இறங்கும் கைடு. வால்வைச் சீட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூக்கிப் பிடித்து, தலையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெளிவாகத் தெரிந்தால் புது வால்வு வாங்கும் காசு வீண். தள்ளாடும் வால்வு தினம் ஒரு இடத்தில் உட்காரும். கைடு மாற்றும் வேலை வீட்டில் ஆகாது. ஹெட்டைச் சூடாக்கி, பழையதை எடுத்து, புதியதை இறக்கி, ரீமர் போட்டு, அதன் மையத்துக்குச் சரியாகச் சீட்டை மறுபடி வெட்டியாக வேண்டும். அது லேத் பட்டறை வேலை.

கைடு நன்றாக இருந்தால் லேப்பிங், அதாவது வால்வையும் சீட்டையும் பேஸ்ட் போட்டு ஒன்றோடொன்று தேய்ப்பது. வால்வு முகத்தில் மூன்று நான்கு இடத்தில் ஃபைன் பேஸ்ட் பொட்டு வைத்து, தண்டில் எண்ணெய் தடவி, ரப்பர் கப் குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மத்துக் கடைவது போல இருபுறமும் உருட்டுங்கள். நாலு சுற்றுக்கு ஒருமுறை தூக்கி, கால் வட்டம் திருப்பி வையுங்கள். முதலில் ‘கரகர’வென்று கடிக்கும். பேஸ்ட் நைந்ததும் சத்தம் அடங்கி வழுக்கும். அப்போது துடைத்துவிட்டுப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், பளபளப்பில்லாத ஒரு வளையம் முகத்தின் நடுவில், எங்கும் அறுபடாமல், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் ஓட வேண்டும்.

வளையம் ஓரிடத்தில் அறுந்திருந்தால் இன்னொரு முறை தேய்க்கலாம். அப்படியும் சேரவில்லையா, நிறுத்திவிடுங்கள். பெரும்பாலோர் கெடுப்பது இங்கேதான். “இன்னும் கொஞ்சம்” என்று கரடு பேஸ்டை எடுத்து அரை நாள் தேய்ப்பார்கள். பேஸ்ட் சீட்டை மட்டும் தின்னாது, வால்வையும் சேர்த்துத் தின்னும். புது வால்வின் முகத்தில் பள்ளம் விழும், சீட் அகன்றுவிடும். அகன்ற சீட்டில் ஸ்பிரிங்கின் அழுத்தம் பரவிப் போய், நடுவே கரி தங்கி, மறுபடி லீக் ஆகும். என்னைக் கேட்டால் லேப்பிங்கை ரிப்பேர் என்றே சொல்ல மாட்டேன், அது ஒரு சோதனை. குழி விழுந்த சீட்டுக்கு மருந்து கட்டர்தான்: 45 டிகிரியில் உட்காரும் முகம், மேலும் கீழும் வேறு கோணங்களில் வெட்டி அதன் அகலத்தைக் குறைப்பது. பட்டறைக்குப் போகும்போது புது வால்வுகளையும் கொண்டுபோங்கள், அவற்றை வைத்துப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். தண்டை டிரில் மெஷினில் மாட்டிச் சுற்றும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரே பக்கம் சுற்றினால் வட்டக் கீறல்தான் மிஞ்சும். ரேஸ் வகை பைக்குகளின் டைட்டானியம் வால்வில் பேஸ்டே படக்கூடாது, மேல்பூச்சு போய்விடும்.

பேஸ்ட் துளி கைடுக்குள் இருந்தாலும் அது தேய்த்துக்கொண்டேதான் இருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புத் தண்ணீரில் பிரஷ் விட்டு, காற்றடித்துக் காய வைத்து, உடனே எண்ணெய் தடவுங்கள். ஆயில் சீல் புதிது, ஹெட் கேஸ்கட் புதிது, இதில் சிக்கனம் கூடாது. ஸ்பிரிங்கில் சுருள் நெருக்கமான பக்கம் கீழே. லாக்குகளைத் துளி கிரீஸில் ஒட்டவைத்தால் நழுவாது. மாட்டியதும் தண்டின் தலையில் பிளாஸ்டிக் சுத்தியலால் லேசாகத் தட்டினால் அவை சரியாக அமரும். மறுபடி மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்து நிமிஷம் காத்திருங்கள். சொட்டாவிட்டால் ஏற்றலாம்.

ஹெட் நட்டுகளை மேனுவல் சொல்லும் டார்க்கில், குறுக்கு வரிசையில் இறுக்கி, குறிகளைப் போட்டோவோடு ஒப்பிட்டு, டேப்பெட் வையுங்கள். கிக்கரை உடனே மிதிக்க வேண்டாம். கிராங்கை ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். எங்காவது கெட்டியாக இடித்தால் வால்வு பிஸ்டனில் மோதுகிறது, டைமிங் தப்பியிருக்கிறது. இடிக்கவில்லை என்றால் ஸ்டார்ட் செய்யலாம். 500 கிலோமீட்டர் ஓடியதும், எஞ்சின் ஆறிய நிலையில், டேப்பெட்டை மறுபடி அளந்து பார்த்துவிடுங்கள்.