முன்னது பின்னாக

விடுதிகளில் சதுரங்கம் ஆடும் நம் நண்பர் பலர் எதிரியின் தாக்குதலைக் கண்டுகொள்கின்றனர், தக்க தடையும் அமைக்கின்றனர், ஆயினும் தோற்கின்றனர். இதன் காரணத்தை ஓர் ஆட்டம் நன்கு விளக்கும்.

1912-இல் லண்டன் நகரச் சதுரங்கக் கழகத்தில் எட்வர்ட் லாஸ்கரும் ஜார்ஜ் தாமஸும் ஆடியது அது. பந்தயமன்று, நட்புமுறை ஆட்டமே. சதுரங்கம் இருவருக்கும் தொழிலன்று. லாஸ்கர் பொறியாளர், உலக வீரரான இமானுவேல் லாஸ்கர் வேறொருவர். தாமஸ் இறகுப்பந்து வீரர். 2022-இல் இந்தியா வென்ற தாமஸ் கோப்பை அவர் பெயரால் அமைந்ததே.

வெள்ளைக்காய் லாஸ்கருடையது. பத்தாவது நகர்த்தலில் தம் அரசியை வலப்பக்க ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். நோக்கம் இதுதான்: முதலில் குதிரையால் கறுப்பு மந்திரியை வெட்டிச் ‘செக்’, பின் அரசியால் ஓரச் சிப்பாயை வெட்டி ‘மேட்’. தாமஸ் இதைக் கண்டார். அச்சிப்பாய் நிற்கும் வரிசைக்கே தம் அரசியைக் கொணர்ந்தார். இனிக் குதிரை மந்திரியை வெட்டினால், அரசன் முன்னுள்ள சிப்பாய் அக்குதிரையை வெட்டும், வரிசை திறக்கும், அரசி ஓரச் சிப்பாயைக் காப்பாள். கணக்கில் பிழையில்லை.

ஆனால் லாஸ்கர் முன்னதைப் பின்னாக்கினார்! அரசியாலேயே முதலில் ஓரச் சிப்பாயை வெட்டினார். கறுப்பு அரசன் அவளை வெட்டியே ஆகவேண்டும், வேறு வழியில்லை. பிறகுதான் குதிரை மந்திரியை வெட்டியது. அப்போது குதிரையால் ஒரு செக். அது விலகியதால் பின்னிருந்த வெள்ளை மந்திரியால் மற்றொரு செக். இரட்டைச் செக்கில் ஒரு காயை வெட்டினாலும் மற்றது நிற்கும். ஆகவே அரசன் நகரத்தான் வேண்டும். தாமஸ் நம்பியிருந்த சிப்பாயும் அரசியும் வாளாவிருக்க, அரசன் பலகையின் மறுகோடிவரை துரத்தப்பட்டான். 18-ஆவது நகர்த்தலில் வெள்ளை அரசன் ஒரு கட்டம் விலக, அவனுக்குப் பின்னிருந்த யானையால் மேட்!

அணிகளைப் பெருக்கும்போது வரிசை மாறினால் விடையும் மாறக்கூடும் என்பதைக் கணிதம் பயில்வோர் அறிவர். சதுரங்கமும் அத்தகையதே. எதிரியின் திட்டத்தைத் தடுத்துவிட்டதாக எண்ணியதும் ஆறுதல் கொள்ளாதீர்கள். அதே நகர்த்தல்களை முன்பின்னாக மாற்றி ஒருமுறை எண்ணிப் பாருங்கள். செக் கூறும் நகர்த்தல், எத்துணை விலை உயர்ந்ததாயினும், எண்ணாமல் தள்ளத்தக்கதன்று.

பயிற்சி ஒன்று: 14-ஆவது நகர்த்தலில் லாஸ்கர் ஓரச் சிப்பாயைத் தள்ளினார். வேறொரு சிப்பாயைத் தள்ளியிருந்தால் வெற்றி இன்னும் விரைவில் கிட்டியிருக்கும். சதுரங்க நூல்கள் பலவற்றில் இவ்வாட்டம் உண்டு. காய்களை அடுக்கி, அச்சிப்பாய் எதுவென்று கண்டறியுங்கள்.