படம் மங்காமல் இருக்க

ஜேபெக் முறை படத்தை 8×8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்விவரங்களைக் கழித்துவிடுகிறது. கழிந்தது திரும்பாது, செயலியில் பெரிதாக்கினால் புள்ளிகள்தான் கூடும். பட்டுப்புடவையின் ஜரிகை, பெயர்ப்பலகை எழுத்தின் ஓரம் போன்ற இடங்களில்தான் முதலில் பிசிறு தட்டும். கோப்பை நகலெடுப்பதால் தரம் குறையாது (பலரும் வீணாக அஞ்சுவது இதற்குத்தான்). திருத்தித் திருத்தி ஜேபெக்காகவே சேமித்தால்தான் குறையும். மூலப்படத்தைத் தொடாமல் வைத்து, நகலில் திருத்துவது நல்லது. எழுத்து நிறைந்த ஸ்கிரீன்ஷாட்டுக்கு இழப்பில்லாத பிஎன்ஜி பொருத்தம். வாட்ஸ்அப்பில் வழக்கம்போலப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டே போகும். ‘டாக்குமெண்ட்’ வழியாக அனுப்பினால் மூலக்கோப்பு அப்படியே போய்ச் சேரும். கல்யாண ஆல்பம் அச்சிடும் ஸ்டூடியோவுக்கு இந்த வழியே ஏற்றது.