உறையவிட்டுப் பேணப்படும் விந்தும் ஆண் மலட்டுத்தன்மையும்

ஒரு சூலைக் கருக்கட்ட ஒரு விந்தே போதும் என்பதைக் கற்றிருப்பீர்கள். ஆனால் அந்த ஒன்று இயற்கையாகச் சூலை அடைவதற்குப் பல மில்லியன் விந்துகள் புறப்பட வேண்டியுள்ளது. சுக்கிலப்பாயத்தில் விந்துகள் மிகக் குறைவாகவோ அசைவற்றோ இருப்பது ஆண் மலட்டுத்தன்மைக்கு ஒரு முக்கிய காரணமாகும்.

விந்தைக் குளிரூட்டினால் மட்டும் பேண முடியாது. நீர் உறையும்போது தோன்றும் பனிப்பளிங்குகள் கலமென்சவ்வைச் சிதைக்கும். அத்துடன் வெளியேயுள்ள நீர் பனியாக, எஞ்சிய கரைசல் செறிவடையும். பிரசாரணத்தால் கலம் நீரை இழந்து சுருங்கும். கிளிசரோல் சேர்த்தால் இப்பாதிப்புக் குறையும் என்பதை 1949 இல் இங்கிலாந்தில் பொல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகியோர் சேவலின் விந்தைக் கொண்டு காட்டினர். 1953 இல் அமெரிக்காவின் அயோவாவில் உறைந்த மனித விந்தால் கருத்தரிப்பு நிகழ்ந்தது. இன்று விந்து திரவ நைதரசனில், −196 பாகை செல்சியஸில் வைக்கப்படுகின்றது. அவ்வெப்பநிலையில் நொதியத் தாக்கங்கள் நின்றுவிடுவதால் பல ஆண்டுகள் பேணலாம்.

“உறையவிடுதல் மலட்டுத்தன்மையைக் குணப்படுத்தும்” என எழுதாதீர்கள். உண்மையில் உருக்கியபின் விந்துகளிற் கணிசமான பகுதி அசைவை இழக்கின்றது! அப்படியாயின் பயன் என்ன? 1992 இல் பெல்ஜியத்தின் பிரசெல்ஸில், நுண்ணிய கண்ணாடி ஊசியால் ஒரு விந்தை நேரே சூலினுள் செலுத்தும் முறை வெற்றி கண்டது. இங்கு விந்து நீந்த வேண்டியதில்லை. உயிருடன் இருந்தால் போதும். சுக்கிலப்பாயத்தில் விந்தே இல்லாத சிலரிலும், சிறு சத்திரசிகிச்சை மூலம் விதையிலிருந்து விந்தை எடுத்துப் பகுதி பகுதியாக உறையவிடுவர். ஒவ்வொரு முயற்சிக்கும் மீண்டும் வெட்ட வேண்டியிராது.

புற்றுநோய் மருந்துகளும் கதிர்ச் சிகிச்சையும் விதையில் விரைவாகப் பிரியும் கலங்களையும் தாக்குகின்றன. பூப்படைந்த ஒரு மாணவனுக்கு இந்நோய் வந்தாலும், சிகிச்சை தொடங்க முன்னரே விந்தைச் சேமித்துக்கொள்ளலாம். வெட்கத்தால் இதை மருத்துவரிடம் கேட்காது விடுவோர் பலர். பின்னர் கேட்டால் சேமிப்பதற்கு விந்து இல்லாமலும் போகலாம்.

மாதிரி வினா: உறையவிட்டு உருக்கிய விந்து, சாதாரண சூலொன்றைக் கருக்கட்டினால் தோன்றும் நுகத்தில் எத்தனை நிறமூர்த்தங்கள் இருக்கும்? காரணம் தருக.

விடை: 46. விந்தில் 23, சூலில் 23 உள்ளன. உறையவிடுதலின்போது கலப்பிரிவு நிகழாமையால் விந்தின் நிறமூர்த்த எண்ணிக்கை மாறாது.