பேர் போனாலும் வேலை போகக்கூடாது

(மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



ராத்திரி பகல் பாராமல் உட்கார்ந்து ஒன்றைச் செய்து முடித்து, அது வேறொருவர் பேரில் மேடை ஏறியதைக் கீழே நின்று பார்த்தவர்கள் உங்களில் யாராவது உண்டா? உண்டு என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். இல்லை என்றாலும் படித்து வையுங்கள், ஒரு நாள் உதவும்.

எனக்கு நடந்தது

நாங்கள் குடியிருக்கும் வீட்டில் மேல்தொட்டிக்கு மோட்டார் போட்டால் யாராவது ஒருவர் மறந்துவிடுவார். தண்ணீர் வழிந்து தெருவில் ஓடும். அதே தெருவில் குழாயடியில் அம்மா குடத்தோடு காத்திருப்பாங்க. இதைப் பார்த்துப் பார்த்துத்தான், தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஒரு சர்க்யூட் செய்ய நினைத்தேன். 555 ஐ.சி. ஒன்று, டிரான்சிஸ்டர், 12 வோல்ட் ரிலே, தண்ணீரில் மூன்று கம்பிகள். முதலில் செம்புக் கம்பி போட்டேன். ஒரே வாரத்தில் பச்சை பிடித்துப் போயிற்று. தண்ணீருக்குள் டி.சி. மின்சாரம் போனால் கம்பி அரிக்கும் என்று வகுப்பில் படித்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். பிறகு வீட்டிலிருந்து எவர்சில்வர் கரண்டி மூன்றை எடுத்து வந்து காம்பை வெட்டிப் பொருத்தினேன். அம்மாவிடம் திட்டும் வாங்கினேன். ஆனால் வேலை செய்தது!

அது கண்காட்சிக்குப் போனது. பரிசும் கிடைத்தது. சான்றிதழில் என் பேர் இல்லை. நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் விளக்கம் சொன்னார்கள், அவர்கள் பேர் எழுதப்பட்டது. பொறுப்பில் இருந்தவரிடம் போய்க் கேட்டேன். "அடுத்த தடவை பாத்துக்கலாம்ப்பா" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு வாரம் நான் லேப் பக்கமே போகவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இங்கே யாரிடம் எப்படிக் கேட்பது என்று சொல்லித்தர வீட்டில் யாருமில்லை. 'நமக்கெல்லாம் இது சரிப்படாது, ஏதாவது வேலைக்குப் போயிடலாம்' என்றுகூடத் தோன்றியது. அப்போதுதான் நூலகத்தில் இரண்டு பேரைப் பற்றிப் படித்தேன்.

எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்

நண்பர்களே, நாம் தேர்வில் சூப்பர்ஹெட்டரோடைன் ரிசீவர் படம் வரைகிறோம். மிக்சர், லோக்கல் ஆசிலேட்டர், 455 கிலோஹெர்ட்ஸ் ஐ.எஃப். என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறோம். 1918-ல் அதை உருவாக்கியவர் அமெரிக்கரான எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங். இன்று நாம் பஸ்ஸில் கேட்கும் எஃப்.எம். ஒலிபரப்பும் அவர் கொடுத்ததுதான்.

அவருடைய முதல் பெரிய வேலை ரீஜெனரேட்டிவ் சர்க்யூட். வால்வின் வெளியீட்டில் ஒரு பகுதியை எடுத்து மறுபடி கிரிடுக்கே கொடுத்தால், நலிந்த சிக்னல் பல மடங்கு பெருகும். அளவு தாண்டினால் அதுவே ஆசிலேட்டராகிவிடும். கல்லூரி மாணவனாக இருந்தபோதே இதைக் கண்டறிந்தார். 1913 ஜனவரி 31-ல் அதன் வரைபடத்தில் நோட்டரியிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்கி வைத்தார். அப்படியும் லீ டி ஃபாரஸ்ட் என்பவர் அது தன்னுடையது என்றார். வழக்கு ஏறத்தாழ இருபது வருஷம் நடந்தது. 1934-ல் உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்ட் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பல பொறியாளர்கள் அதை ஏற்கவில்லை. தனக்கு முன்பு கொடுத்த பதக்கத்தை ரேடியோ பொறியாளர் சங்கத்திடம் ஆர்ம்ஸ்ட்ராங் திருப்பிக் கொடுக்கப் போனார். சங்கமோ வாங்க மறுத்து, அது உங்களுக்கே உரியது என்று சொல்லிவிட்டது. பாருங்கள், கோர்ட் கொடுக்காத மதிப்பை வேலை தெரிந்தவர்கள் கொடுத்தார்கள்.

1933-ல் எஃப்.எம். காப்புரிமைகள் கிடைத்தன. இடி மின்னல் இரைச்சல் இல்லாத ரேடியோ! ஆனால் ஆர்.சி.ஏ. கம்பெனியோடு தகராறு வந்தது. 1945-ல் அமெரிக்க அரசு எஃப்.எம்.மை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மாற்றியதில், அதுவரை விற்ற செட்டுகளெல்லாம் வீணாயின. 1948-ல் வழக்குப் போட்டார். பணமும் உடம்பும் கரைந்தன, வீட்டில் நிம்மதி போயிற்று. 1954-ல், 63 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். மனைவி மரியன் விடாமல் வழக்கை நடத்தினார். கடைசி வழக்கும் 1967-ல் அவர்கள் பக்கமே முடிந்தது. ஜெயித்தது உண்மைதான், ஆனால் அதைக் கேட்க அவர் இல்லை.

அவர் போராடியது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மூளை இன்னும் என்னென்ன செய்திருக்கும் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

ஜோசலின் பெல்

இரண்டாமவர் வட அயர்லாந்துப் பெண். சின்ன வயதில், மேல்படிப்புக்குத் தரம் பிரிக்கும் தேர்வில் தவறியவர். (தவறியவர்கள் கவனிக்கவும்!) 1967-ல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவி. ரேடியோ தொலைநோக்கி கட்ட மற்றவர்களோடு சேர்ந்து தன் கையாலேயே கம்பம் நட்டு, கம்பி இழுத்தார். பிறகு கருவி வரைந்து தள்ளும் சார்ட் பேப்பரை, ஒரு நாளைக்குச் சுமார் 30 மீட்டர், தனியாளாகப் படித்தார். அதில் ஒரு சின்னக் கிறுக்கல் மாதிரி ஏதோ தெரிந்தது. பேராசிரியர் ஆண்டனி ஹியூவிஷ் முதலில் மனிதர்கள் உண்டாக்கிய இடையூறாக இருக்கும் என்று நினைத்தார். ஜோசலின் விடவில்லை. நவம்பர் 28-ல் வேகமாகப் பதிவு செய்து பார்த்தபோது, 1.33 விநாடிக்கு ஒரு துடிப்பு, கடிகாரம் போல! அதுதான் முதல் பல்சர்.

1974-ல் இதற்காக இயற்பியல் நோபல் பரிசில் பங்கு ஹியூவிஷுக்குக் கிடைத்தது. கண்டுபிடித்த மாணவியின் பேர் இல்லை. விஞ்ஞானி ஃபிரெட் ஹாயில் வெளிப்படையாகவே கண்டித்தார். ஆனால் ஜோசலின் சண்டையில் உட்கார்ந்துவிடவில்லை. காமா கதிர், எக்ஸ் கதிர், அகச்சிவப்பு என்று வேறு வேறு துறைகளில் வேலை செய்துகொண்டே போனார். பிரிட்டனின் இயற்பியல் கழகத்துக்கு முதல் பெண் தலைவர் ஆனார். 2018-ல் அவருக்கு 30 லட்சம் டாலர் சிறப்புப் பரிசு கிடைத்தது. ஒரு டாலர்கூட வைத்துக்கொள்ளவில்லை. வாய்ப்புக் கிடைக்காத பிரிவினர் இயற்பியல் ஆராய்ச்சி படிக்க உதவித்தொகையாக முழுவதையும் கொடுத்துவிட்டார். நம்மைப் போன்றவர்களுக்காக என்றுதான் நான் படித்துக்கொண்டேன்.

அப்பா சொன்னது

இந்தக் கதைகளை வீட்டில் சொன்னேன். அப்பா ஒரு காலத்தில் சுவர் விளம்பரம், கடை போர்டு எழுதியவர். பிளெக்ஸ் வந்த பிறகு வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறார். "ஆறு வருஷம் நான் எழுதின போர்டுல எல்லாம் எங்க மேஸ்திரி பேருதான் இருக்கும் தம்பி. ஆனா கடைக்காரனுக்குத் தெரியும் யார் கை அதுன்னு. நான் தனியா வந்ததும் என்னைத் தேடி வந்தான். பேரை எடுத்துக்கலாம், கையை எடுத்துக்க முடியாதுல்ல?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ஒண்ணு. தனியா எழுத ஆரம்பிச்சதும் முதல்ல ஓரத்துல என் பேரைப் போட்டேன். அதை நீயும் கத்துக்க" என்றார்.

நாம் செய்ய வேண்டியவை

1. செய்ததை அன்றன்றைக்கே தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். தோற்ற சர்க்யூட்டையும் எழுதுங்கள். ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

2. யார் என்ன செய்வது, யார் பேர் எந்த வரிசையில் என்பதை வேலை தொடங்கும்போதே பேசிவிடுங்கள். முடிந்த பிறகு பேசினால் மனஸ்தாபம்தான்.

3. அநியாயம் நடந்தால் கட்டாயம் கேளுங்கள். உரியவரிடம், மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள். நான் வாயால் மட்டும் கேட்டேன், அது என் தவறு.

4. கேட்டும் கிடைக்கவில்லையா? இத்தனை நாள்தான் இதற்கு என்று ஒரு கெடு வையுங்கள். கெடு முடிந்ததும் அடுத்த வேலையைக் கையில் எடுங்கள். மனசு மட்டும் பாரமாக இருந்தால் நண்பரிடமோ வீட்டிலோ சொல்லுங்கள், உள்ளேயே வைத்துப் புழுங்காதீர்கள்.

5. நாளைக்கு நாமும் சீனியர் ஆவோம், சூப்பர்வைசர் ஆவோம். அப்போது நமக்குக் கீழே சால்டர் வைத்த தம்பி தங்கைகளின் பேரை விட்டுவிடக் கூடாது.

இப்போது எங்கள் கடைசி வருஷ புராஜெக்ட் நடக்கிறது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்றைக்கு மேடை ஏறிய ஒருவரும் என் குழுவில் இருக்கிறார். சர்க்யூட்டைக் காட்டுவதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். நோட்டின் முதல் பக்கத்தில் ஐந்து பேரின் பேரையும், யார் யாருக்கு எந்த வேலை என்பதையும் எழுதி எல்லோரையும் கையெழுத்துப் போடச் சொன்னேன். அவரும் மறுபேச்சு இல்லாமல் போட்டார். அதன் பிறகு காட்டிவிட்டேன். கடைசி வரியில், ரிலே எப்படிச் சோதிப்பது என்று சொல்லிக்கொடுத்த ரேடியோ கடை அண்ணன் பேரும் இருக்கிறது.

தொட்டி சர்க்யூட் எங்கே என்று கேட்கிறீர்களா? எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருக்கிறது. மூன்று கரண்டிக் காம்பும் இன்னும் கறுக்கவில்லை. தண்ணீர் வழிவதில்லை. அதில் யார் பேரும் எழுதவில்லை, ஆனால் மோட்டார் தானாக நிற்கும்போதெல்லாம் அம்மா கீழே இருந்து என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க.