நெருக்கமும் நெரிசலும்

ஸ்பெயின் நாட்டுத் துறைமுக நகரமான பார்சிலோனாவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கோட்டை மதில் இறுக்கியிருந்தது. மதிலுக்கு வெளியே கட்டுவதற்குத் தடை. உள்ளேயோ மக்கள் பெருகிக்கொண்டே இருந்தனர். சந்துகளில் வெயில் படவில்லை. 1854இல் காலரா பரவியது. அதே ஆண்டில் மதில் இடிபடத் தொடங்கியது.

தொழிலாளர் குடும்பங்களின் கூலி, வாடகை ஆகியவற்றைக் கணக்கெடுத்தவர் பொறியாளர் இல்டெஃபோன்ஸ் செர்தா. விரிவாக்கப் பகுதிக்கு அவர் வகுத்த திட்டம் 1859இல் ஒப்புதல் பெற்றது. ஏறத்தாழ 113 மீட்டர் பக்கமுள்ள சதுரத் தொகுதிகள். முனை வெட்டிய மூலைகள். 20 மீட்டர் அகலத் தெருக்கள். 16 மீட்டருக்கு மேற்படாத வீடுகள். தொகுதியின் இரு பக்கங்களில் மட்டும் கட்டடம், நடுவே தோட்டம் என்பது அவர் எண்ணம்.

நிலம் பொன்னாக விலைபோகும்போது தோட்டத்தை யார் விட்டுவைப்பர்? நான்கு பக்கமும் அடைபட்டது. முற்றங்களில் பட்டறைகள் முளைத்தன. பிற்காலத்தில் மாடிகளும் கூடின. ஆயினும் ஒரு வியப்பு உண்டு. கீழே கடை, மேலே குடியிருப்பு என அமைந்த அந்நடுத்தர உயரக் கட்டடங்களே, ரொட்டிக்கடையையும் பள்ளியையும் நடைதொலைவில் வைத்தன. வானளாவும் கோபுரங்கள் இதற்குத் தேவைப்படவில்லை. குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் கால்வாயும் உள்ள நகர்மையத்தின் வெற்றுமனைகளில் இத்தகைய கட்டடங்களை எழுப்பினால், புறநகர் வயல்கள் மனைகளாவது குறையும்.

ஆனால், நிரப்புவதற்கும் எல்லை வேண்டும். பார்சிலோனா அடைபட்ட முற்றங்கள் சிலவற்றை மீட்டு வருகிறது. 1987இல் பழைய நீர்க்கோபுரம் நின்ற முற்றமொன்று பூங்காவாயிற்று. கோடையில் அங்குள்ள ஆழமற்ற குளத்தில் குழந்தைகள் விளையாடுகின்றனர்.