‘நம்பத்தகாத’ என்னும் அடைமொழி

பெயர்ச்சொல்லின் முன்னே அடைமொழி ஒன்றை வைப்பது எளிய செயலாகவே தோன்றும். ‘இனிய கரும்பு’, ‘பழைய வீடு’ என நாள்தோறும் வழங்கிவருகின்றோம். இவ்வடைகள் பொருளின்கண் உள்ளதொரு தன்மையைக் கூறுவன. ஐயமுற்றவர் கரும்பைச் சுவைத்தும் வீட்டைக் கண்டும் தெளியலாம். ‘நம்பத்தகாத’ என்பதோ இவ்வினத்தைச் சார்ந்ததன்று. மூலையில் சுருட்டிக் கிடக்கும் இற்றுப்போன கயிறு யாருக்கும் யாதொரு தீங்கும் செய்வதில்லை. ஆலைக்குச் செல்லும் வண்டியில் கரும்புக் கட்டுகளை அதனால் இறுக்கிக் கட்டும்போதுதான் அது நம்பத்தகாத கயிறு ஆகின்றது. ஆகவே இவ்வடை பொருளை மட்டுமன்றி, அதன்மேல் சாய்பவனையும் உடன்சேர்த்துப் பேசுகின்றது. இந்நுட்பத்தை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

இலக்கண வகையால் இஃது எதிர்மறைப் பெயரெச்சம். ‘நம்ப’ என்னும் வினையெச்சமும் ‘தகாத’ என்னும் எதிர்மறைப் பெயரெச்சமும் சேர்ந்து அமைந்தது. இதனோடு ‘நம்பமுடியாத’ என்பதைச் சேர்த்துக் குழப்புவோர் பலர். ஒருவர் நூறாண்டு கடந்தும் கண்ணாடியின்றிப் படிக்கிறார் என்றால் அது நம்பமுடியாத செய்தி. ஆயினும் உண்மையாக இருக்கலாம். இன்னாரென்று தெரியாத ஒருவர் சொல்லக் கேட்டு மற்றொருவர் சொன்னது நம்பத்தகாத செய்தி. அது கேட்பதற்கு மிக இயல்பாகவே இருக்கலாம். முன்னது நம் மனத்தின் வியப்பைக் குறிக்கும். பின்னது சான்றின் குறைவைக் குறிக்கும். வெள்ளக் காலத்தில் இவ்வேறுபாடு உயிரோடு தொடர்புடையது. ஏரி உடைந்தது என்று வாய்வழியே பரவும் பேச்சு, எளிதில் நம்பக்கூடியதாக இருப்பதனாலேயே நம்பத்தக்கது ஆகிவிடாது.

‘நம்பு’ என்னும் சொல்லின் பழம்பொருளும் கருதற்பாலது. தொல்காப்பிய உரியியல் இதற்கு ‘நசை’, அதாவது விருப்பம், என்று பொருள் கூறுகின்றது. உறுதி என்னும் பொருள் பிற்பட வளர்ந்தது. (திருக்குறுங்குடி நம்பி, பெரிய திருமலை நம்பி என்னும் திருநாமங்களில் உள்ள ‘நம்பி’, ஆடவருட் சிறந்தவரைக் குறிக்கும் சொல்; ‘நங்கை’ என்பதன் இணை. ஒலி ஒப்புமை கண்டு இதனை நம்பிக்கையோடு முடிச்சிடுவோர் சற்றுப் பொறுத்தல் நலம்.) விரும்பிய இடத்திலேயே நம்பிக்கையும் வைப்பது மனித இயல்பாதலின் இப்பொருள் வளர்ச்சி வியப்பன்று.

அக்காலத்தில் நம்பிக்கையைக் குறித்த சொற்கள் ‘தெளி’, ‘தேறு’ என்பன. திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே உண்டு. ஆராய்ந்து பார்த்து, பின்னர் நம்புதல் என்பது அதன் கருத்து. இவ்விரு சொற்களும் கலங்கல் நீர் அடங்கித் தெளிவதையும் குறிப்பன. அந்நீரைத் தெளிவிக்க இடும் விதைக்குத் தேற்றாங்கொட்டை என்றே பெயர். நெல்லிக்குப்பத்தார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. வடக்கே பெண்ணையும் தெற்கே கெடிலமும் ஓடும் இவ்வூரில், ஐப்பசி கார்த்திகையில் புதுவெள்ளம் செந்நிறமாய் வருங்கால் ஆற்றின் அடி தெரியாது. நேற்று முழங்காலளவு இருந்த துறை இன்று ஆளை விழுங்கும். 2024 டிசம்பர்த் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரைகடந்த பின்னர், பெண்ணையாற்று வெள்ளம் கடலூர் மாவட்டக் கரையோர ஊர்களுள் புகுந்ததைக் கண்டோம். தெளியாத நீரே தேறாத நீர். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கும் பழமொழியில் வருவது குதிரையன்று, ஆற்றிடை மணல்திட்டாகிய ‘குதிர்’ என்பாரும் உளர். அவ்வுரையைக் கொண்டால் ஓர் உண்மை புலப்படும்: அத்திட்டு பொய்யன்று, கண்ணால் காணப்படுவதே, காலூன்றத்தான் அது ஆகாது.

இவ்விடத்தில்தான் ‘பொய்யான’ என்பதும் ‘நம்பத்தகாத’ என்பதும் பிரிகின்றன. 2016 நவம்பர் 8 ஆம் நாள் இரவு 500 ரூபாய், 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டதை நினைவுகூர்க. அவை கள்ளத் தாள்கள் அல்ல. அதே அச்சு, அதே தாள், அதே எண், யாவும் மெய்யே. ஆயினும் மறுநாட் காலையில் கடைக்காரர் அவற்றை ஏற்கவில்லை. கள்ளத்தாள் பொய், செல்லாத்தாள் மெய்யாயிருந்தும் கைகொடாதது. தமிழ் வழக்கு இவ்விரண்டுக்கும் இரு சொற்களை வைத்திருப்பது பெருஞ் செல்வம். உளுத்த மரம், இற்ற கயிறு, சொத்தை நெல், ஆடும் ஏணி, கூடா நட்பு என ஒவ்வொன்றன் குறைக்கும் தனித்தனிச் சொல் இருக்க, எல்லாவற்றையும் ‘பொய்’ என்று அடித்துவிடுதல் சோம்பலேயாம்.

நம் ஆசாரியர்கள் இவ்வேறுபாட்டைப் பெரிதும் போற்றினர். நம்மாழ்வாரின் திருவிருத்தம் ‘பொய்’ என்னும் சொல்லோடு தொடங்குகின்றது. அதனால் ஆழ்வார் உலகையே இல்பொருள் என்றார் எனக் கொள்வது பொருந்தாது. திருவாய்மொழி முதற்பத்தின் இரண்டாம் திருவாய்மொழியில், உடல்களின் நிலையாமைக்கு அவர் காட்டும் அளவுகோல் மின்னல். மின்னல் இல்பொருளா? கண்ணைக் கூசச் செய்யும் உள்பொருள். அதன் ஒளியில் ஓர் அடி வைக்கலாம். ஓர் ஊர் போய்ச் சேர இயலாது. எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில், விஷ்ணு புராணம் அசித்தை ‘அஸத்யம்’, ‘நாஸ்தி’ என்னும் சொற்களாற் கூறுமிடத்தை எடுத்துக்கொண்டு, கணந்தோறும் மாறுதலடைவது பற்றியே அவ்வாறு சொல்லப்பட்டது, அறவே இல்லை என்பதனால் அன்று என நிலைநாட்டுகிறார். விசிஷ்டாத்வைத தரிசனத்தில் உலகம் மெய். ஆனால் உயிர் சென்று சாயும் சுவராக அதனைக் கொள்ளலாகாது. ‘பொய்’ என்னாது ‘நிலையாத’ என்று ஓர் அடையை மாற்றியதில் ஒரு தரிசனமே அடங்கியுள்ளது எனின் மிகையன்று.

இவ்வடைக்கு எதிர்ச்சொல் யாதெனத் தேடின், நெடுந்தூரம் செல்ல வேண்டா. கெடிலக் கரையிலுள்ள திருவஹீந்திரபுரத்துத் தேவநாதப் பெருமாளுக்கு ‘அடியவர்க்கு மெய்யன்’ என்பது திருநாமம், வடமொழியில் தாஸஸத்யன். ஸ்வாமி தேசிகன் பிராகிருதத்தில் அருளிய அச்யுத சதகத்தின் முதற் சுலோகத்திலேயே இந்நாமத்தை வைத்துள்ளார். இத்திருநாமத்தின் இலக்கணத்தை நோக்குக. வாளா ‘மெய்யன்’ என்னாது ‘அடியவர்க்கு’ என நான்காம் வேற்றுமை கொடுத்துக் கூறப்பட்டது. யாருக்கு மெய்யன் என்னும் வினாவுக்கு விடை நாமத்துள்ளேயே அமைந்துள்ளது.

‘நம்பத்தகாத’ என்னும் அடைக்கும் இந்தக் ‘கு’ உருபு இன்றியமையாதது. நம்பத்தகாத கடிகாரம் என்றால், மணி பார்ப்பதற்கு. மேசைமேல் தாள் பறவாது வைக்க அது நன்கு உதவும். பொருள்களிடத்து இவ்வுருபை விட்டுவிடுவதால் பெருங்கேடில்லை. மனிதரிடத்து விடுவது கொடிது. கணக்கு எழுதுவதில் தவறுபவனை ‘நம்பத்தகாதவன்’ என்று ஊரார் ஒருமுறை சொல்லிவிட்டால், அவனிடம் குழந்தையை ஒப்படைக்கவும் பிறர் அஞ்சுவர். கணக்கைப் பற்றிப் பிறந்த சொல் அவன் பிறப்போடு ஒட்டிக்கொள்கின்றது. மாணாக்கர்கள் இவ்வடையை எழுத நேரும்போது ‘எதற்கு?’ என்று ஒருமுறை கேட்டு, விடையையும் வாக்கியத்தில் சேர்த்து எழுதிப் பழகுக. விடை கிடைக்கவில்லையெனில் அவ்வடை அங்கு வேண்டப்படவில்லை என்பது தெளிவு.

திருவஹீந்திரபுரத்தில் தேசிகன் நெடுங்காலம் எழுந்தருளியிருந்தார். ‘ஸர்வதந்த்ர ஸ்வதந்த்ரர்’ என்னும் விருதை அவர் தாங்கியது பொறாத கொத்தன் ஒருவன், அங்ஙனமாயின் கிணறு ஒன்று கட்டுக என்று அறைகூவி, ஒன்றோடொன்று பொருந்தாத கோணற் செங்கற்களைக் கொடுத்தான் என்பது வழிவழியாக வரும் வரலாறு. சுவர் எழுப்புவதற்கு அக்கற்கள் சிறிதும் நம்பத்தகாதவை. ஸ்வாமியோ எந்தக் கல்லையும் கழிக்காமல், அதனதன் கோணலுக்கு ஏற்ற இடம் கண்டு வைத்துக் கிணற்றைக் கட்டி முடித்தார் என்பர். தேசிகன் திருமாளிகையில் அக்கிணற்றை இன்றும் ஸேவிக்கலாம்.